ஆங்கிலம் ஏன் மறந்து போகிறது?

ஒரு முறை படித்ததை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ளும் ஆற்றல் உடையவரை 'ஏகசந்தக்கிராகி' என்பார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் சிற்றூர் அத்தகைய ஒருவரால் புகழ் பெற்றது. இராமாநுசரின் சீடரான கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. காசுமீரத்தில் கிடைத்த போதாயன விருத்தி என்னும் அரிய நூலைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தபோது இராமாநுசர் வருந்தினார். அந்நூலை இரவு வேளைகளில் படித்து முழுவதும் மனப்பாடம் செய்துவிட்டதாகக் கூறி, கூரத்தாழ்வான் அவர் கவலையைத் தீர்த்தார் என்று வைணவ குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன.

ஆங்கிலப் பாடம் என்றதும் நம் மாணவர்கள் பலர், "எனக்கு அப்படிப்பட்ட ஞாபகசக்தி இல்லையே!" என்று சோர்ந்து போகிறார்கள். இந்தச் சோர்வு எங்கே கொண்டு விடுகிறது என்பதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். கல்லூரியில் முதலாண்டு வகுப்புக்கு இயற்பியல் கற்பிப்பவன் நான். தமிழ்வழியில் பயின்று வந்த மாணவன் ஒருவன், ஓடும் பேருந்து திடீரென்று நின்றால் பயணிகள் ஏன் முன்னோக்கிச் சாய்கிறார்கள் என்பதை வகுப்பில் தமிழில் மிகத் தெளிவாக விளக்கினான். அதே கேள்வி ஆங்கிலத்தில் தேர்வில் வந்தது. விடைத்தாளில் ஒன்றரை வரி எழுதியிருந்தான், பிறகு வெற்றிடம். கூப்பிட்டுக் கேட்டேன். "விடை முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தேன், ஐயா. நடுவில் ஒரு சொல் மறந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை" என்றான்.

அவனுக்கு இயற்பியல் தெரியும். ஞாபகசக்தியும் குறைவில்லை, பக்கம் பக்கமாக உருப்போட்டவன் அல்லவா? அவன் உழைப்பு தவறான வழியில் செலவாகிவிட்டது. நினைவும் மறதியும் சில ஒழுங்குகளின்படி நடப்பவை. அந்த ஒழுங்குகளை அறிந்து பயின்றால், ஏகசந்தக்கிராகியாக இல்லாதவரும் ஆங்கிலச் சொற்களையும் இலக்கணத்தையும் வாசிப்பையும் கைவசப்படுத்தலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

(இக்கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நீங்கள் அகராதியைப் பார்த்து, சரியான எழுத்துக்கூட்டலுடன் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதுவே முதல் பயிற்சி.)

மறதியை அளந்தவர்

வெப்பத்தை அளக்க வெப்பமானி உண்டு. மறதியை எப்படி அளப்பது? ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். பொருளற்ற அசைகள் சுமார் 2,300 உருவாக்கி, அவற்றைப் பட்டியல்களாக்கித் தாமே மனப்பாடம் செய்தார். சோதனை செய்பவரும் அவரே, சோதிக்கப்படுபவரும் அவரே. 1885-ஆம் ஆண்டில் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

அவர் அளந்த முறை எளியது. ஒரு பட்டியலைப் பிழையின்றிச் சொல்ல முதல் தடவை 1,000 விநாடி தேவைப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கழித்து அதையே மறுபடி கற்க 660 விநாடி போதுமானால், மிச்சமான நேரம் 340 விநாடி, அதாவது 34 விழுக்காடு. இந்த மிச்சமே மனத்தில் தங்கியிருந்த நினைவின் அளவு என்று அவர் கொண்டார். அவர் கண்ட அளவுகள் இவை:

20 நிமிடத்துக்குப் பின் – 58 விழுக்காடு
1 மணி நேரத்துக்குப் பின் – 44 விழுக்காடு
9 மணி நேரத்துக்குப் பின் – 36 விழுக்காடு
1 நாளுக்குப் பின் – 34 விழுக்காடு
2 நாளுக்குப் பின் – 28 விழுக்காடு
6 நாளுக்குப் பின் – 25 விழுக்காடு
31 நாளுக்குப் பின் – 21 விழுக்காடு

இவ்வெண்களை வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். கோடு தொடக்கத்தில் செங்குத்தாக விழுகிறது. பிறகு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. கதிரியக்கச் சிதைவின் வரைகோடு போலத் தோன்றினாலும் இரண்டும் ஒன்றல்ல. கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள் மாறாதது. மறதியின் வேகமோ நாளாக ஆகக் குறைந்துகொண்டே வருகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாளுக்கும் ஒரு மாதத்துக்கும் இடையில் 13 விழுக்காடுதான் போகிறது.

எபிங்ஹாஸ் பயன்படுத்தியவை பொருளற்ற அசைகள் என்பதை மறக்கக்கூடாது. பொருளுள்ள சொற்களும் வாக்கியங்களும் இவ்வளவு விரைவாக மறப்பதில்லை. பொருள் தெரியாமல் உருப்போட்ட ஆங்கில விடையோ இந்த அசைப் பட்டியலுக்கு மிக நெருங்கியது. என் மாணவனுக்கு நேர்ந்தது இதுதான்.

ஒரே நாளா, மூன்று நாளா?

எபிங்ஹாஸ் கண்ட மற்றோர் உண்மை நமக்கு இன்னும் பயனுள்ளது. 12 அசைகள் கொண்ட பட்டியலை ஒரே நாளில் 68 தடவை தொடர்ந்து படித்துவிட்டு, மறுநாள் அதை மீண்டும் பிழையின்றிச் சொல்ல எத்தனை தடவை படிக்கவேண்டியிருக்கிறது என்று பார்த்தார். வேறு பட்டியல்களை மூன்று நாட்களில் பகிர்ந்து மொத்தம் 38 தடவை படித்தார். இரண்டிலும் கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்றே! இடைவெளி விட்டுப் படித்ததால் உழைப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிட்டது.

வயலுக்கு நீர் பாய்ச்சுவதை நினைத்துப் பாருங்கள். ஒரு மாதத்துத் தண்ணீரை ஒரே நாளில் திறந்துவிட்டால் வரப்பு உடைந்து ஓடிவிடும். மண் காய்ந்து கேட்கும் வேளையில் அளவாகப் பாய்ச்சினால்தான் பயிர் பிடிக்கும்.

இத்துடன் இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பத்தியை இருமுறை படித்தனர். மறு சாரார் ஒரு முறை படித்துவிட்டு, இரண்டாம் முறைக்குப் பதிலாகத் தாளை மூடி வைத்து நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினர்: 81 விழுக்காட்டுக்கு 75. ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழாகிவிட்டது. இருமுறை படித்தவர்களுக்கு நினைவில் இருந்தது 42 விழுக்காடு. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு.

தேர்வுக்கு முந்திய இரவில் திரும்பத் திரும்பப் படிக்கும்போது 'எல்லாம் வந்துவிட்டது' என்று ஏன் தோன்றுகிறது என்பது இதிலிருந்து விளங்கும். அது ஐந்து நிமிடத்து நினைவு. ஒரு வாரம் நிற்கும் நினைவு வேண்டுமானால் புத்தகத்தை மூடிவிட்டு, 'அது என்ன?' என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்து அறைப் பெட்டி

இடைவெளி, தன்சோதனை ஆகிய இரண்டையும் ஒன்றாக இணைக்கும் எளிய கருவி ஒன்று உண்டு. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில் அதை விவரித்தார். அதைச் செய்யக் காசு தேவையில்லை. வீட்டில் பழைய செருப்புப் பெட்டி இருந்தால் போதும். உள்ளே அட்டைத் துண்டுகளால் தடுத்து ஐந்து அறைகள் ஆக்குங்கள். பழைய திருமணப் பத்திரிகைகளின் எழுதாத பக்கத்தைச் சீட்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள்.

சீட்டின் ஒரு புறம் தமிழ் வாக்கியம். மறுபுறம் அதற்குரிய ஆங்கில வாக்கியம். தனிச் சொல்லை மட்டும் எழுதாதீர்கள். 'ரைஸ்', 'ரெய்ஸ்' என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். 'எழுவது' என்று இரண்டுக்கும் பொதுவாக எழுதினால் குழப்பமே மிஞ்சும். "சூரியன் கிழக்கில் எழுகிறது" – 'த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்'. "அவன் கையை உயர்த்தினான்" – 'ஹீ ரெய்ஸ்டு ஹிஸ் ஹேண்ட்'. முதலாவது தானே எழுவது. இரண்டாவது ஒன்றை எழச் செய்வது. தமிழில் தன்வினை, பிறவினை என்று நீங்கள் படித்த வேறுபாடே இது.

புதிய சீட்டுகள் எல்லாம் முதல் அறையில் இருக்கும். தமிழ்ப் புறத்தைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு திருப்பிப் பாருங்கள். சரியானால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வேண்டும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை இரண்டு நாளைக்கு ஒரு முறை, மூன்றாவதை நான்கு நாளைக்கு ஒரு முறை, நான்காவதை எட்டு நாளைக்கு ஒரு முறை, ஐந்தாவதைப் பதினாறு நாளைக்கு ஒரு முறை பாருங்கள். நன்கு தெரிந்த சொல்லுக்கு நேரம் வீணாவதில்லை. தெரியாத சொல் கண்ணில் படாமல் தப்புவதில்லை. இம்முறையைப் பின்பற்றும் செயலிகள் இன்று கைப்பேசியிலும் உள்ளன. ஆயினும் சீட்டைக் கையால் எழுதினால் எழுத்துக்கூட்டலுக்கும் பயிற்சி கிடைக்கும்.

எந்தச் சொற்களை முதலில் கற்பது?

ஆங்கில அகராதியின் பருமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1961-இல் அமெரிக்காவில் அச்சான பலவகை எழுத்துகளிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் சொற்களைத் தொகுத்து, பிரவுன் பல்கலைக்கழகத்தார் கணிப்பொறியால் எண்ணினர். அதில் 'த' என்னும் சொல் மட்டும் சுமார் 70,000 முறை வந்தது. இரண்டாவது 'ஆஃப்', சுமார் 36,000 முறை. மூன்றாவது 'அண்ட்', சுமார் 29,000 முறை. வெறும் 135 சொற்களே அந்தப் பத்து இலட்சத்தில் பாதியை நிரப்பிவிட்டன!

வரிசை எண்ணையும் வந்த தடவையையும் பெருக்கினால் ஏறத்தாழ ஒரே அளவு கிடைக்கும் என்று ஜிப்ஃப் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டியிருந்தார். அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் மாறிலி என்னும் பாயில் விதியை இது நினைவூட்டுகிறதல்லவா? ஆனால் இது தோராயமான ஒழுங்குதான். மேலே உள்ள மூன்று எண்களையும் பெருக்கிப் பார்த்தால் எவ்வளவு தோராயம் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த ஒழுங்கைப் பாடநூலில் பயன்படுத்தலாம் என்று கண்டவர்களுள் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். அவர் ஆராய்ந்தது இங்கிலாந்தில் அன்று. அன்றைய வங்காள மாகாணத்து டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபடி, ஆங்கிலம் கற்கத் திணறிய வங்காளி மாணவர்களை அவர் கவனித்தார். 1926-இல் வங்காளத்து இருமொழிக் கல்வி பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வாசிப்புப் புத்தகங்களில் புதுச் சொற்கள் நெருக்கமாக வந்து விழுகின்றன. ஒரு சொல் மனத்தில் ஊன்றுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது என்பது அவர் கண்ட குறை. எனவே புதுச் சொற்களைக் குறைத்து, வந்த சொல்லையே பலமுறை வரச் செய்து புதிய வாசகங்களை எழுதினார். அவர் 1953-இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் உள்ளன. சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்த அளவுச் சொற்களாலேயே ஆகிவிடுகிறது. நாளைக்கு ஐந்து சொல் என்றால் 400 நாள். ஒன்பதாம் வகுப்பில் தொடங்குபவர் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் முடித்துவிடலாம்.

எஞ்சிய ஐந்தில் ஒரு பங்கில் அறிவியல் சொற்கள் அடங்கும். இவற்றைப் பிரித்துப் பார்த்தால் பல எளிதாகிவிடும். 'டெலி' என்றால் தொலை. 'மைக்ரோ' என்றால் நுண். 'ஸ்கோப்' என்றால் நோக்கி. ஆகவே 'டெலிஸ்கோப்' தொலைநோக்கி, 'மைக்ரோஸ்கோப்' நுண்நோக்கி. 'தெர்மோ' வெப்பம், 'மீட்டர்' அளக்கும் கருவி. இரண்டும் சேர்ந்தால் வெப்பமானி. நம் கலைச்சொற்களும் இதே போல் பகுதிகளால் கட்டப்பட்டவை. தமிழ்வழியில் அறிவியல் கற்றவருக்குக் கருத்து ஏற்கெனவே தெரியும். அதன் மறு பெயரை மட்டுமே கற்க வேண்டும். 'உந்தம்' விளங்கியவருக்கு 'மொமென்டம்' ஒரு சீட்டு வேலைதான். உந்தம் விளங்காமல் 'மொமென்டம்' என்று எழுதத் தெரிந்தவரின் நிலையே பரிதாபமானது.

இலக்கணம்: இடமா, உருபா?

"நாய் பூனையைக் கடித்தது", "பூனையை நாய் கடித்தது". இடம் மாறினாலும் பொருள் மாறவில்லை. 'ஐ' என்னும் வேற்றுமை உருபு, கடிபட்டது யார் என்று காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'த டாக் பிட் த கேட்' என்பதை மாற்றி 'த கேட் பிட் த டாக்' என்றால், கடித்தது பூனையாகிவிடும்!

எண்களை எழுதும் இரு முறைகளோடு இதை ஒப்பிடலாம். பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனிக் குறிகள் உண்டு. 25 என்பதை ௨௰௫ என்று எழுதினர். இரண்டு என்பது இரண்டு பத்து என்பதை அருகில் நிற்கும் குறி காட்டியது. இன்றைய முறையில் குறி இல்லை. இடமே மதிப்பைக் காட்டுகிறது. அதனால்தான் 25 வேறு, 52 வேறு. தமிழ் வாக்கியம் குறியிட்ட எண் போன்றது. ஆங்கில வாக்கியம் இடமதிப்பு எண் போன்றது. ஆங்கிலத்தில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை ஏன் அவ்வளவு கண்டிப்பானது என்பது இப்போது புரியும்.

அடுத்தது, கண்ணாடிப் பிம்பம். "பொருளின் மேல் செயல்படும் விசை" என்பதற்கு ஆங்கிலம் 'த ஃபோர்ஸ் விச் ஆக்ட்ஸ் ஆன் த பாடி'. ஆங்கிலத் தொடரைக் கடைசியிலிருந்து படியுங்கள்: 'பாடி' – பொருள், 'ஆன்' – மேல், 'விச் ஆக்ட்ஸ்' – செயல்படும், 'ஃபோர்ஸ்' – விசை. தமிழ் அப்படியே வந்துவிட்டது! "நேற்று வந்த பையன்" என்பதும் 'த பாய் ஹூ கேம் எஸ்டர்டே' என்பதும் இவ்வாறே ஒன்றுக்கொன்று பிம்பம். தமிழில் அடைமொழி முன்னும் பெயர் பின்னும் வரும். ஆங்கிலத்தில் இத்தகைய நீண்ட அடைகள் பெயருக்குப் பின் வரும். தமிழில் உருபு சொல்லின் வாலில். ஆங்கிலத்தில் அதன் வேலையைச் செய்யும் சொல் தலையில். 'கூரத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு' என்பது 'ஃப்ரம் கூரம் டு காஞ்சிபுரம்'. பாடநூலில் நீண்ட வாக்கியம் வந்தால் மிரள வேண்டாம். முதலில் வினையைக் கண்டுபிடியுங்கள். பிறகு 'விச்', 'ஹூ', 'தட்' வரும் இடங்களில் பென்சிலால் கோடு கிழித்து, பின்னிருந்து முன்னாகப் படியுங்கள்.

சில இடங்களில் தமிழே நமக்கு நேரடியாகக் கைகொடுக்கும். உயிரெழுத்துக்கு முன் 'ஓர்', உயிர்மெய்க்கு முன் 'ஒரு' என்பது நம் மரபு: ஓர் ஊர், ஒரு மரம். ஆங்கிலத்தில் 'ஆன்', 'எ' என்னும் இரண்டும் அப்படியே: 'ஆன் ஆப்பிள்', 'எ புக்'. இங்கே ஒலியைப் பார்க்க வேண்டும், எழுத்தை அன்று. தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் ஐயம் தீரும். 'அவர்' (மணி நேரம்) உயிரில் தொடங்குகிறது; எனவே 'ஆன் அவர்'. 'யூனிவர்சிட்டி' யகரத்தில் தொடங்குகிறது. நாம் 'ஒரு யானை' என்பது போல 'எ யூனிவர்சிட்டி'.

சில இடங்களில் தமிழ்ப் பழக்கம் நம்மை இடறிவிடும். "நீ நேற்று வரவில்லையா?" என்று கேட்டால், வராதவன் "ஆமாம், வரவில்லை" என்பான். அவன் கேட்டவரின் கூற்றை ஒப்புக்கொள்கிறான். ஆங்கிலத்தில் நடந்த செயலை வைத்தே விடை: 'நோ, ஐ டிடின்ட்'. இத்தகைய இடங்களைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்கள்.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. சீன உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் ஆங்கிலத்தோடு போராடுகிறார்கள். சீன மொழியில் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வினைச்சொல் உருமாறுவதில்லை; ஆகவே 'கோ, கோஸ், வென்ட்' என்பவை அவர்களுக்குத் தலைவலி. பேச்சில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே ஒலி. ஆகவே 'ஹீ', 'ஷீ' மாறிவிடும். நாமோ வந்தேன், வந்தாய், வந்தாள் என்று வினையை மாற்றிப் பழகியவர்கள். மறுபுறம், எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை அவர்களுக்குப் பழக்கமானது, நமக்குப் புதிது. 'நேற்று வந்த பையன்' போன்ற அடை அவர்கள் மொழியிலும் பெயருக்கு முன்னரே வருகிறது. ஆகவே அந்தக் கண்ணாடிப் பிம்பம் இருவருக்கும் பொது. நம் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தால், எங்கே தவறுவோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

படிப்பதற்கென ஒரு பங்கு

பெட்டியும் விதிகளும் மட்டும் போதா. கற்ற சொல் வெவ்வேறு வாக்கியங்களில் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் அது நமதாகும். அதற்கு வாசிப்பே வழி.

1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்னும் அறிஞர் பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் சில பள்ளி வகுப்புகளில் ஒரு முயற்சி மேற்கொண்டார். இலக்கண விதிகளை வரிசையாகக் கற்பிக்காமல், இரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் முதலியவற்றைக் கொடுத்து, அவற்றிலிருந்து விடை காணும் கணக்குகளை ஆங்கிலத்தில் தந்தார். பொருளில் கவனம் ஊன்றும்போது மொழியின் அமைப்பும் உடன் படியும் என்பது அவர் கருத்து. பின்னர் வெளியார் வந்து மதிப்பிட்டபோது, ஆங்கிலத்தைப் பயன்படுத்தும் தேர்வுகளில் இம்மாணவர்கள் பொதுவாக முன்னின்றனர். வாக்கிய அமைப்புத் தேர்வில் வழக்கமான முறையில் பயின்றவர்கள் முன்னின்றனர். எதைப் பயில்கிறோமோ அதில் தேர்கிறோம். நமக்கு இரண்டும் வேண்டும்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஃபிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் என்னும் இருவர் 1980-ஆம் ஆண்டில் வேறொரு சோதனை தொடங்கினர். சில வகுப்புகளுக்குப் படம் நிறைந்த ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் 250 வழங்கப்பட்டன. எட்டு மாதங்களில் அக்குழந்தைகள், வழக்கமான பாடம் மட்டும் படித்தவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வாசிப்பில் முன்னேறினர் என்று அவர்கள் 1983-இல் தெரிவித்தனர்.

எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஏதேனும் ஒரு பக்கத்தில் 100 சொற்களை எண்ணி, தெரியாதவற்றின் கீழ் கோடிடுங்கள். நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் முதலியோர் கண்டபடி, நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்தால் பிறர் துணையின்றித் தடையில்லாமல் படிக்கலாம். தெரியாதவை ஐந்துக்கு மேல் போனால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு எளிதானதை எடுங்கள். பத்தாம் வகுப்பு மாணவர் ஆறாம் வகுப்பு ஆங்கில நூலைப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓடிப் பழகுபவர் சமதரையில்தான் தொடங்குகிறார்.

தொடக்கத்தில் சொன்ன கூரத்துக்கு வாசிப்போடு இன்னொரு தொடர்பும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரம் செப்பேடு, வடமொழி, தமிழ் ஆகிய இரு மொழிகளில் அமைந்தது. கோயிலுக்கும் பிறருக்கும் கொடுத்த நிலத்தைப் பங்கு பங்காகப் பிரிக்கும்போது, அங்குள்ள மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றே ஒரு பங்கை ஒதுக்கியிருக்கிறார்கள். 1,300 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் நிலத்தில் பங்கு ஒதுக்கியது. நாம் நம் நாளில் ஒரு பங்கு ஒதுக்கக் கூடாதா? அரை மணி நேரம் போதும்: பெட்டிக்குப் பத்து நிமிடம், வாசிப்புக்குப் பதினைந்து நிமிடம், அன்று கற்ற சொற்களை வைத்துச் சொந்தமாக மூன்று வாக்கியம் எழுத ஐந்து நிமிடம்.

நீங்களே சோதியுங்கள்

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். உங்கள் இருவருக்குமே தெரியாத 40 ஆங்கிலச் சொற்களைப் பொறுக்கி, இருபது இருபதாக 'அ', 'ஆ' என்று இரு பட்டியல் ஆக்குங்கள். நீங்கள் 'அ' பட்டியலை ஒரே மாலையில் ஆறு முறை படியுங்கள். 'ஆ' பட்டியலை மூன்று நாட்களில் நாளைக்கு இருமுறையாகப் படியுங்கள். நண்பர் பட்டியலை மாற்றிக்கொள்ளட்டும். அப்போதுதான் ஒரு பட்டியல் தற்செயலாக எளிதாக அமைந்தாலும் முடிவு பிழைபடாது. ஒவ்வொரு பட்டியலையும் கடைசியாகப் படித்ததிலிருந்து சரியாக ஏழாம் நாள், பாராமல் எழுதி மதிப்பெண் இடுங்கள். உங்கள் எண்களே உங்களுக்கு விடை சொல்லும்.

அந்த மாணவனிடமும் ஒரு செருப்புப் பெட்டியைக் கொடுத்து, இதே முறையைச் சொன்னேன். முதல் மாதம் சலித்துக்கொண்டான், பிறகு விடவில்லை. அடுத்த பருவத் தேர்வில் நிலைமம் பற்றி மீண்டும் ஒரு கேள்வி வந்தது. அவன் எழுதிய விடை ஏழு வாக்கியம். இரண்டு இடத்தில் வினைச்சொல்லின் 'எஸ்' விடுபட்டிருந்தது; ஓரிடத்தில் 'இன்' வரவேண்டிய இடத்தில் 'ஆன்' இருந்தது. ஆனால் அவன் காட்டிய எடுத்துக்காட்டு எந்தப் பாடநூலிலும் இல்லாதது. பேருந்தில் தன் தாயின் மடியில் இருந்த தண்ணீர்க் குடம், ஓட்டுநர் பிரேக்கை அழுத்தியதும் எந்தப் பக்கம் தளும்பியது, வண்டி மறுபடி கிளம்பியபோது எந்தப் பக்கம் தளும்பியது என்பதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திவிட்டு, இயற்பியலுக்கு உரிய மதிப்பெண் முழுவதையும் கொடுத்தேன்.